குண்டை எந்த ஊரில் போடுவது

ஜெபமலர் வரைந்திருந்த சிவப்பு வட்டத்தைக் கந்தப்பன் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "இது என் கடை" என்றார்.



"செவ்வாய்ப்பேட்டையில நாப்பது வருஷமா மளிகை மண்டி வெச்சிருக்கேன். தீபாவளிக்குக்கூட என் கடை வாசல்ல ஒருத்தனும் வெடி போட்டதில்ல. இந்தப் பொண்ணு அணுகுண்டே போட்டிருக்கு."

ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே இருந்த அந்தத் தனியார் பள்ளியில் மறுநாள் அறிவியல் கண்காட்சி. 1984 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். ஜெபமலர் பௌதிகம் படித்தவள். சோதனைக்கூடத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சேலம் அரிசிப்பாளையத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போனாள். கண்காட்சி முடிந்ததும் அவளை நிரந்தரமாக்கும் உத்தரவில் தாளாளர் சென்னிமலை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். கேட்டு வாங்கும் வாய் அவளுக்கு இல்லை. அவராகச் சொன்னதே பெரிய விஷயம்.

'அணு' என்று ஒரு தலைப்பை அவளிடம் கொடுத்தவர் மூத்த அறிவியல் ஆசிரியர் சின்னண்ணன். கல்பாக்கம் மின் நிலையத்தைத் தெர்மாகோலில் செய்து வைப்பாள் என்று நினைத்திருந்தார். ஜெபமலர் கல்லூரி நூலகத்துக்குப் போய் ஒரு சிறு புத்தகத்தைப் படித்துக் குறிப்பு எடுத்து வந்தாள். பத்து லட்சம் டன் வெடிமருந்துக்குச் சமமான ஒரு குண்டு ஒரு நகரத்துக்கு மேலே வெடித்தால் என்ன ஆகும் என்ற மதிப்பீடு அதில் இருந்தது. அதைச் சேலத்துக்குப் பொருத்தினாள். ஏழு கிலோமீட்டர் வரை செங்கல் வீடுகள் நிற்காது. அது சிவப்பு. பன்னிரண்டு வரை வெளியில் நிற்பவர்களின் தோல் வெந்துவிடும். அது ஆரஞ்சு. இருபது வரை ஜன்னல் கண்ணாடி உடைந்து முகத்தில் அடிக்கும். அது மஞ்சள். வரைபடத்தில் ஒவ்வொரு மாணவனையும் அவனவன் வீட்டுக்கு மசியால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லியிருந்தாள். ஆசிரியர்களும் வைத்தார்கள். தாளாளரே வந்து தன் தோட்டத்துக் கிணற்றுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார். அன்று அதில் வட்டம் எதுவும் இல்லை.

இன்று அவர் அந்தப் புள்ளியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். மகளைப் பிரசவத்துக்குச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே வந்திருந்தார். கையில் வெந்நீர் பிளாஸ்க் அப்படியே இருந்தது.

"டீச்சர், இந்த மஞ்சக் கோடு என்ற கெணத்துக்கு அந்தப் பக்கம் போகுதுங்களா, இந்தப் பக்கம் போகுதுங்களா?"

"கோடு மேலேயே இருக்கு சார்."

"கோட்டு மேலன்னா? வரப்புன்னா ஒரு பக்கம் இருக்கோணுமில்ல."

"இந்தக் கோட்டோட அகலமே நிலத்துல இருநூறு மீட்டர் சார். உங்க தோட்டம் அதுக்குள்ளயே வந்துருது."

"இருநூறு மீட்டர் வரப்பா!" என்றார் சென்னிமலை. "யாரு அளந்தது? சர்வேயரக் கூட்டியாந்து அளப்பமுங்க. எங்க பட்டாப்படி கெணறு வெளியதான் வரும்."

"அது வரப்பு இல்ல சார். மதிப்பீடு. கோட்டுக்கு வெளிய இருந்தாலும்..."

அவள் முடிப்பதற்குள் சின்னண்ணன் சிரித்துக்கொண்டே, "ஜெபமலர்னு பேரு. பண்றது பூராவும் குண்டு" என்றார்.

கந்தப்பன் சிரிக்கவில்லை. சோதனைக்கூடத்துக்கு மேல்தளம் போட அவர்தான் சிமெண்டு கொடுத்தவர். "கவுண்டரே, நாளைக்கு ஊரே வந்து பாக்கும். என் கடை சாம்பலாப் போச்சுன்னு படம் போட்டு மாட்டுனா எவன் வந்து சரக்கு எடுப்பான்? நடுவ மாத்தச் சொல்லுங்க."

"எங்க மாத்தறதுங்க?"

"எங்கயோ. மேச்சேரிப் பக்கம் போடுங்க. அங்க ஆடுதான மேயுது."

மூலையில் பானைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாவாயி திரும்பாமலேயே சொன்னாள்: "ஆட்ட மேய்க்கறதுக்கு ஆளும் இருக்குதுங்க சாமி. என்ற பையன் அங்கதான் இருக்கறான்."

"உன்னய யாரு கேட்டா?" என்றார் சென்னிமலை.

சின்னண்ணன் ஏற்காட்டைச் சொன்னார். அங்கே தாளாளருக்கு ஒரு காப்பித் தோட்டம் இருந்தது. அது விட்டுப்போயிற்று. மேட்டூரைச் சொன்னார். அணை உடைந்தால் எல்லோருக்கும்தான் தண்ணீர் இல்லை. அதுவும் போயிற்று. நாமக்கல் என்றபோது கந்தப்பன், சம்பந்தி வீடு அங்கேதான் என்றார். பஞ்சாயத்தில் பாதைத் தகராறு பேசுவதுபோல மூன்று பேரும் வரைபடத்தைச் சுற்றி நின்று அரைமணி நேரம் பேசினார்கள். குண்டே வேண்டாம் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை என்பதை ஜெபமலர் கவனித்தாள்.

கடைசியில் சென்னிமலை பிளாஸ்க்கைக் கை மாற்றிக்கொண்டார். "இத பாருங்க டீச்சர். நாளைக்குக் காலையில நடுவு நம்ம சனம் இல்லாத எடத்துல இருக்கோணும். எந்த எடம்னு நீங்களே பாத்துக்குங்க. இல்லீன்னா அந்த உத்தரவ மறந்துருங்க."

அவர்கள் போன பிறகு ஜெபமலர் வெகுநேரம் வரைபடத்தின் முன் நின்றாள். சனம் இல்லாத இடத்தை உண்மையாகவே தேடினாள். இருபது கிலோமீட்டர் வட்டத்தை எங்கே வைத்தாலும் புள்ளிகள் உள்ளே வந்தன. அவளே ஊர் ஊராகக் கேட்டு வைக்கச் சொன்ன புள்ளிகள்.

அலமாரியில் வெந்நீரில் போட்டுச் சுரண்டிய பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்று இருந்தது. யாருடையதோ விலா எலும்பின் நிழல் ஓரத்தில் இன்னும் போகாமல் ஒட்டியிருந்தது. அதில் மூன்று வட்டங்களையும் வரைந்து வெளிவட்டத்தோடு வெட்டி எடுத்தாள். நடுவில் துளையிட்டாள். வரைபடத்தில் இருந்த பழைய வட்டங்களைப் பிளேடால் சுரண்டினாள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளையாயிற்று.

"பாவாயிக்கா, கொஞ்சம் பெரிய ஊசியா இருக்குதா?"

பாவாயி சாக்கு தைக்கும் ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "எதுக்குங்க சாமி?"

"நடுவுல குத்தறதுக்கு. நாளைக்கு வர்றவங்களே குத்திக்கட்டும்."

"நடுவுல இருக்கறவங்களுக்கு என்னங்க ஆகும்?"

ஜெபமலர் குறிப்பைப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியாதுக்கா. ஒரு நொடிக்குள்ள முடிஞ்சிரும். ஓரத்துல இருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம். பல நாளாகும்."

பாவாயி கேட்டுக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஊசியை ஒரு முழ நூலில் கட்டி வரைபடத்தின் ஓரத்தில் தொங்கவிட்டாள். பிலிம் சரியாக உட்காருகிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். வாசலைப் பார்த்தாள். ஆள் இல்லை. தாளாளரின் கிணற்றுப் புள்ளிமேல் பிலிமை வைத்து ஊசியை இறக்கினாள். நறுக்கென்று ஒரு சத்தம் வந்தது. மூன்று வட்டங்களும் அழகாக உட்கார்ந்தன. சிவப்புக்குள் பள்ளிக்கூடமும் வந்தது. ஊசியை உருவிவிட்டு அந்தத் துளையை நகத்தால் தேய்த்தாள். காது சூடாக இருந்தது.

வரைபடத்துக்கு மேலே எழுத ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. 'குண்டை எந்த ஊரில் போடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று நல்ல கையெழுத்தில் எழுதிவிட்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தாள். ஜனங்கள் படித்துவிட்டு ஊசியைத் தொடாமல் போய்விடுவார்கள் என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தாள்.

காலை பத்து மணிக்கே வரிசை நின்றது.

பக்கத்து மேசையில் எலுமிச்சம்பழத்தில் பல்பு எரிந்தது. அதைப் பார்க்க ஆள் இல்லை. எல்லோரும் ஊசிக்கு நின்றார்கள். முதலில் வந்தவர் மணியன் என்ற விவசாயி. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் தகப்பன். அவருக்கும் தம்பி பெரியசாமிக்கும் ஒரே கிணறு, முறை வைத்து இறைப்பதில் மூன்று வருஷமாகக் கோர்ட்டு வழக்கு. மணியன் தம்பி வீட்டுப் புள்ளியைத் தேடிப் பிடித்து ஊசியைக் குத்தினார்.

ஜெபமலர் மெல்லிய குரலில் வாசித்தாள். சிவப்பில் எந்த ஊர்கள், ஆரஞ்சில் எவை, மஞ்சளில் எவை. இதுதான் அவள் வேலை. குத்துபவர் யாரானாலும் உள்ளே அகப்பட்டதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"என்ற ஊடு எதுலீங்க வருது?" என்றார் மணியன்.

"அதே துளையிலதாங்க வருது."

மணியன் யோசித்தார். "ஏனுங்க டீச்சர், இதவிடச் சின்ன குண்டு இல்லீங்களா?"

வரிசை சிரித்தது. "கெணத்துப் பங்கு மாதிரி குண்டையும் பாதியாப் பிரிச்சுக் கேக்கறாரு பாரு" என்றது ஒரு குரல்.

அதற்குப் பிறகு அடங்கவில்லை. ஒருத்தி நாத்தனார் ஊர்மேல் குத்திவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவ ஊட்டுக்கு நேராப் பட்டுதுங்களா? நல்லாப் பாருங்க டீச்சர்." ஒருவர் தாலுகா ஆபீசைத் தேடினார். இன்னொருவர், பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்ட மருமகன் வீட்டுமேல் குத்தி, எடுத்து, அதே இடத்தில் மறுபடியும் குத்தினார். "ஒரு தடவ போட்டாலே போதுங்க" என்றாள் ஜெபமலர். "உங்களுக்குத் தெரியாதுங்க டீச்சர், அவங்கம்மா கெட்டிக்காரி, தப்பிச்சுருவா" என்றார் அவர். பெரியசாமியும் வந்தார். அண்ணன் போட்ட துளையிலேயே ஊசியை விட்டுவிட்டுப் போனார். அவரும் வாசிப்பைக் கேட்டார். அவருக்கும் தன் வீடு எதில் வருகிறது என்பதே சந்தேகம்.

சின்ன வட்டத்துக்குள் இருப்பவன் சாவான், கோட்டுக்கு வெளியே இருப்பவன் பிழைப்பான். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். கோடு தங்கள் வீட்டைத் தாண்டிப் போகாதபடி பிலிமை ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்துக் குத்தினார்கள். வெளியே இருந்தால் மட்டும் பிழைப்பு இல்லை, தண்ணீர் இருக்காது, டாக்டர் இருக்க மாட்டார் என்று ஜெபமலர் சொல்லிப் பார்த்தாள். "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்றார்கள்.

மத்தியானம் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பியபோது சோதனைக்கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். சின்னண்ணனும் இன்னும் நான்கைந்து ஆசிரியர்களும் வரைபடத்தைச் சுற்றி நின்றார்கள். சிரிப்பு பட்டென்று நின்றது. சின்னண்ணன் கையிலிருந்த ஊசியை விட்டார். அது நூலில் ஆடியது.

"ஊசி நல்லா எறங்குதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் அவளைப் பார்க்காமல் போனார்கள்.

மூன்று மணிக்கு வரிசையின் கடைசியில் பாவாயி வந்து நின்றாள். வேலைக்காரி குத்தப் போகிறாள் என்று இரண்டு பேர் கேலி பேசினார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

"மேச்சேரி எதுங்க சாமி?"

ஜெபமலர் காட்டினாள். பாவாயி ஊசியை இரண்டு விரலால் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அந்தப் பெயரின்மேல் குத்தினாள்.

"உங்க பையன் ஊராச்சே, பாவாயிக்கா."

"அதுக்குத்தாங்க. எப்படியும் எங்கியாச்சும் போடத்தான் போறாங்க. எம்பையன் ஓரத்துல கெடந்து வேக வேண்டாம். நேரா அவன் தலையிலயே உழுகட்டும்."

கேலி பேசியவர்களில் ஒருவன் பக்கத்து மேசைக்குப் போய் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான்.

அந்த நேரத்தில்தான் தாளாளர் சென்னிமலை உள்ளே வந்தார். கூட்டம் வழிவிட்டது. செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றியிருந்த சிவப்பு போய்விட்டதைப் பார்த்துத் தலையாட்டினார். மேலே எழுதியிருந்த வாக்கியத்தைப் படித்தார். நல்ல யோசனை என்றுகூடச் சொல்லியிருப்பார். அதற்குள் அவர் கண் தன் புள்ளிக்குப் போய்விட்டது. கிணற்றுக்கு நேர் நடுவில் ஒரு துளை. நகத்தால் தேய்த்த தடத்தோடு இருந்தது.

"இத யாரு குத்துனது?"

 நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"என்ற கெணத்துல குத்தற அளவுக்கு எவனுக்குத் தைரியம்?" சுற்றிலும் பார்த்தார். ஊசி பாவாயியின் கையில் இருந்தது. "நீதான? நேத்தே வாய் நீண்டுது உனக்கு. பையன் ஊரச் சொன்னதுக்குக் கோவம்."

"நான் இல்லீங்க சாமி."

"தண்ணி ஊத்தற கழுதைக்கு ஊசி கேக்குதா? நாளையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தீன்னா..."

"நான்தான் சார்" என்றாள் ஜெபமலர்.

அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. 

"நேத்து சாயங்காலம் நான்தான் குத்துனேன். வட்டம் சரியா உக்காருதான்னு பாக்க."

இந்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். சென்னிமலைக்கும் அப்படி நிறுத்திக்கொள்ள விருப்பம் இருந்திருக்க வேண்டும். "அதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தார்.

"வேற எடமும் இருந்துது சார்."

சிரிப்பு அவர் முகத்திலேயே காய்ந்தது. பாவாயியின் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினார்.

"செரி. உங்க ஊடு எங்கீங்க டீச்சர்? புள்ளி வெச்சிருப்பீங்கல்ல. காட்டுங்க."

அவள் அரிசிப்பாளையத்தைக் காட்டினாள். வரைபடத்தைப் பார்க்காமலே விரலைச் சரியான இடத்தில் வைத்தாள். அவர் பிலிமைப் பொருத்தி ஊசியை ஓங்கிக் குத்தினார். காகிதம் நறுக்கென்று சத்தம் போடவில்லை. ஊசி வழவழவென்று காதுவரை இறங்கியது.

"படிங்க. ஊருக்கெல்லாம் படிச்சீங்கல்ல. உங்க ஊட்டுக்கும் படிங்க."

ஜெபமலர் தாளை எடுக்கவில்லை. சேலம் டவுன் அவளுக்கு மனப்பாடம்.

"சிவப்புல அரிசிப்பாளையம். எங்கம்மா, எங்கப்பா, தம்பி. மாதா கோயில். நாலு ரோடு, அஞ்சு ரோடு. செவ்வாய்ப்பேட்டை, கந்தப்பன் ஐயா கடை." அவர் பக்கம் திரும்பினாள். "பஸ் ஸ்டாண்டு. பிரசவ ஆஸ்பத்திரி. அதுல உங்க மக, சார். பொறந்துருந்தா குழந்தையும். ஆரஞ்சுல..."

"போதும்."

"ஆரஞ்சுல இரும்பாலைக்குப் போற வழி. அதுக்கு அந்தப் பக்கம்..."

"வாய மூடு!" அவர் பிலிமோடு ஊசியைப் பிடுங்கினார். பிலிம் இரண்டாகக் கிழிந்தது. நூலும் அறுந்தது. கையில் இருந்ததைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வெளியே போனார். வாசலில் மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம் மூன்று தடவை கேட்டது. நான்காவதில் கிளம்பியது. சேலம் போகும் பக்கம்தான் போனது.

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. போகும்போது ஒரு பெண் இன்னொருத்தியிடம், "பிள்ளத்தாச்சியக் கூடவா இந்தக் குண்டுல சேத்துச் சொல்றது? வாய் வெளங்குமா இவளுக்கு?" என்று கேட்டுக்கொண்டு போனாள். நாத்தனார் ஊரில் குத்தியவள்தான் அவள்.

மறுநாள் காலையில் ஜெபமலர் வந்தபோது அவள் மேசையில் தெர்மாகோலில் செய்த கல்பாக்கம் நின்றது. எப்போதோ செய்து வைத்திருக்க வேண்டும், பசை நன்றாகக் காய்ந்திருந்தது. சின்னண்ணன் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். இரண்டு வரி. பள்ளிக்கு இனி அவள் தேவையில்லை. கீழே சென்னிமலையின் கையெழுத்து. அவள் காத்திருந்த கையெழுத்துத்தான்.

"அவருக்குப் பேரன் பொறந்துருக்கறான். நல்லாத்தான் இருக்குதாம் ரெண்டு உசுரும்" என்றார் சின்னண்ணன். "உங்க வாய்க்கு ஒண்ணும் பலிக்கல."

"நல்லதுங்க சார்" என்றாள் ஜெபமலர். உண்மையாகவே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

வரைபடம் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. பாவாயி அதைக் கூட்டித் தள்ளாமல் வைத்திருந்தாள். "எடுத்துட்டுப் போயிருங்க சாமி. இங்க இருந்தா அடுப்புல வெச்சிருவாங்க" என்றாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. தண்ணீர்க் குடம் இடுப்பில் இருந்தது.

ஜெபமலர் வரைபடத்தைச் சுருட்டுவதற்கு முன்பு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லா ஊரிலும் ஓட்டை. தாளாளரின் கிணற்றில் ஒரே ஒரு துளை. நாள் முழுக்க அங்கே குத்த வேறு யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அது அவளுடையது.

பிறகு அரிசிப்பாளையத்தைப் பார்த்தாள். சென்னிமலை குத்தியது ஒரே ஒருமுறை. அங்கே இருந்த துளையோ அவள் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இருந்தது. ஓரமெல்லாம் ஊசி போய்ப் போய் வந்து பிசிறு தட்டியிருந்தது. நேற்று மத்தியானம் சாத்தியிருந்த கதவு ஞாபகம் வந்தது. அவள் வைத்த மசிப் புள்ளியைக் காணவில்லை.

சின்னண்ணன் கல்பாக்கத்தின் குவிமாடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

ஜெபமலர் வரைபடத்தைச் சுருட்டி, அறுந்த நூலாலேயே கட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.